ராமநாதபுரம் கடலோரத்துக்குக் குறைந்த செலவில் டேட்டா லாகர்: கட்டுவதும் சோதிப்பதும்

மண்டபத்தை அடுத்த பள்ளி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: மாணவர்களைக் கொண்டு, ஒன்றுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மிகாத செலவில், கடல்நீரின் வெப்பநிலையையும் கரையோரக் காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றையும் ஓராண்டு தொடர்ந்து பதிவு செய்யும் டேட்டா லாகர்களைக் கட்ட முடியுமா? கட்டினால், அவை தரும் எண்களைக் கடல் ஆய்வாளர்கள் ஏற்பார்களா?

ஐயா, கட்ட முடியும்; அதில் ஐயம் வேண்டாம். மைக்ரோகண்ட்ரோலர் (சிறு கணினிச் சில்லு) போர்டு, கடிகாரச் சில்லு, நினைவகம், சென்சார், பேட்டரி, பிவிசி குழாய் ஆகிய எல்லாம் சேர்ந்தாலும் நீங்கள் சொல்லும் தொகைக்குள் அடங்கிவிடும். உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிதான் கடினமானது. ஒவ்வோர் எண்ணுடனும் அந்த எண் எவ்வளவு பிழையாக இருக்கக்கூடும் என்பதையும் உங்களால் சொல்ல முடிந்தால் ஏற்பார்கள். சொல்ல முடியாவிட்டால் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. ஆகவே, உங்கள் மாணவர்களின் உழைப்பில் பாதியையாவது சோதனைக்கும், தெரிந்த அளவோடு ஒப்பிட்டுக் கருவியின் எண்ணைச் சரிசெய்யும் அளவுத்திருத்தத்துக்கும் ஒதுக்கிவிட்டு, மீதியில் கருவியைக் கட்டுங்கள். பெரும்பாலான திட்டங்களில் இது தலைகீழாக நடக்கிறது. கருவி ஓடத் தொடங்கியதுமே வேலை முடிந்ததாகக் கருதி, ஓராண்டு கழித்து எதற்கும் உதவாத நீண்ட எண் வரிசையோடு நிற்கிறார்கள்.

பிழையை இவ்வளவு வலியுறுத்துவதற்கு உங்கள் கடலே காரணம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகள் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறியதால் அவை வெளிறின, அதாவது தம்முள் வாழும் நுண்பாசிகளை இழந்து வெண்மையாயின. பவளம் வெளிறும் அபாயத்தை மதிப்பிட அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா பயன்படுத்தும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் ஆண்டின் மிக வெப்பமான மாதத்துக்குரிய நீண்டகாலச் சராசரியைவிடக் கடல் 1 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ சூடாக இருந்த வாரங்களின் மிகை வெப்பத்தை மட்டும் அவர்கள் 12 வார காலத்துக்குக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 4-ஐத் தொட்டால் குறிப்பிடத்தக்க வெளிறலும், 8-ஐத் தொட்டால் பரவலான வெளிறலோடு பவளங்களின் இறப்பும் எதிர்பார்க்கப்படுகின்றன. இப்போது கடல் உண்மையில் 0.8 டிகிரி மட்டுமே மிகையாகச் சூடேறியிருக்கிறது என்றும், உங்கள் சென்சார் 0.3 டிகிரி கூட்டிக் காட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். உண்மைக் கணக்கில் எந்த வாரமும் சேராது, தொகை பூஜ்யம். உங்கள் கருவியின் கணக்கிலோ வாரத்துக்கு 1.1 வீதம் நான்கே வாரங்களில் 4.4 சேர்ந்துவிடும். நோவாவின் கணக்கு செயற்கைக்கோள் அளவீட்டையும் அதற்கே உரிய சராசரியையும் கொண்டது; ஆகவே கடலுக்குள் வைத்த கருவியின் எண்ணை அதில் நேரடியாகப் பொருத்தக் கூடாது. ஆயினும், 0.3 டிகிரி என்பது இங்கே புறக்கணிக்கத்தக்க பிழை அன்று என்பதைக் காட்ட இந்தக் கணக்கு போதும்.

பவளப்பாறை ஆய்வில் உலகெங்கும் பயன்படும் தொழிற்சாலைத் தயாரிப்பான ஹோபோ வகைக் கருவிகளில், நீருக்கென்றே வடிவமைக்கப்பட்டவை ஏறக்குறைய 0.2 டிகிரி துல்லியம் தருகின்றன. நீங்கள் எட்ட வேண்டிய இலக்கும் அதுவே. வீட்டில் கட்டிய கருவியால் அதை எட்ட முடியுமா என்றால், முடியும். மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தின் நீர் நிறைந்த குகைகளில், ஆர்டுயினோ என்னும் மலிவான மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வகையைக் கொண்டு தாங்களே கட்டிய கருவிகளை நீண்டகாலம் இயக்கி, எட்வர்ட் மாலன், பேட்ரிசியா பெடோஸ் ஆகிய இருவரும் அந்த வடிவமைப்பை 2018-இல் ஆய்விதழில் வெளியிட்டனர். குழாய்க் கடையில் கிடைக்கும் பொருள்களும் கவனமான சோதனையும் சேர்ந்தால் போதும் என்பதை அவர்கள் பணி நிறுவியிருக்கிறது.

கட்டுமானத்தில் முதலில் மின்சாரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். மாணவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது ஆர்டுயினோ ஊனோ போர்டு. யுஎஸ்பி சில்லு, மின்னழுத்தச் சீராக்கி, எரிந்துகொண்டே இருக்கும் எல்இடி விளக்கு ஆகியவற்றால் அது சும்மா இருக்கும்போதே 45 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஒரு நல்ல ஆல்கலைன் ஏஏ பேட்டரியின் கொள்ளளவை 2000 மில்லி ஆம்பியர் மணி என்று கொண்டால், இரண்டு நாள் முடியும் முன்பே அது தீர்ந்துவிடும். அதே ஏடிமெகா 328பி சில்லைக் கொண்ட, 3.3 வோல்ட்டில் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் புரோ மினி போர்டை வாங்கி, அதன் எல்இடியை நீக்கிவிட்டு, சில்லை முழு உறக்கநிலைக்கு அனுப்பினால், சில்லின் நுகர்வு ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் கீழே போய்விடும். பிறகு கணக்கு இப்படி அமையும்: 15 நிமிடத்துக்கு ஒருமுறை 2 விநாடி விழித்து 15 மில்லி ஆம்பியர் இழுத்தால், அதன் சராசரி 0.033 மில்லி ஆம்பியர்தான். கடிகாரம், நினைவகம், சீராக்கி எல்லாம் சேர்ந்து உறங்கும்போது 0.2 மில்லி ஆம்பியர் இழுத்தால், மொத்தம் 0.233, ஆண்டின் 8760 மணிக்கு ஏறத்தாழ 2040 மில்லி ஆம்பியர் மணி. பேட்டரி ஆண்டுக் கடைசியில் மயிரிழையில் நிற்கும். உறக்க நுகர்வை 0.05-க்குக் குறைத்தால் மொத்தத் தேவை 730 மில்லி ஆம்பியர் மணிதான். அளப்பதற்கு ஆகும் மின்சாரத்தைவிட அளக்காமல் சும்மா இருப்பதற்கு ஆகும் மின்சாரமே பன்மடங்கு என்பதை மாணவர்கள் இந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்த்து உணர வேண்டும்.

இந்த இடத்தில் மலிவான போர்டுகளில் பரவலாகக் காணப்படும் ஏஎம்எஸ் 1117 சீராக்கியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். அது தன் சொந்த உபயோகத்துக்கே ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். சில்லு எவ்வளவு ஆழ்ந்து உறங்கினாலும் பேட்டரி பதினாறு, பதினேழு நாளில் தீரும். அதற்குப் பதிலாக, 2 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும் எம்சிபி 1700 போன்ற ஒன்றை இணையுங்கள். உறக்க நுகர்வை அளக்கும்போது, மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்பியர் அளவீட்டு நிலையில் தொடரிணைப்பில் ஒரு மின்தடை இருப்பதை மறக்கக் கூடாது. கருவி விழித்தவுடன் மின்னோட்டம் பெருகி, அந்த மின்தடையில் மின்னழுத்தம் விழுந்து, கருவி மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடும். மீட்டருக்கு இணையாக ஒரு சுவிட்சைப் போட்டு, விழித்திருக்கும் வரை மூடி, உறங்கிய பின் திறந்து அளந்தால் இந்தச் சிக்கல் வராது.

கடிகாரத்துக்கு டிஎஸ் 3231 சில்லையே வாங்குங்கள். சாதாரணக் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு தவறினாலே ஆண்டுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் விலகும். வெயிலில் சூடேறும் பெட்டிக்குள் விலகல் இன்னும் கூடும். டிஎஸ் 3231 தன் வெப்பநிலையைத் தானே அளந்து ஈடுசெய்வதால், 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் 2 பங்குக்குள், அதாவது ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவுக்குள் நிற்கும். ஆனால் இந்தச் சில்லோடு சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் நீலநிற மாட்யூலில் ஓர் ஆபத்து இருக்கிறது. மீண்டும் மின்னேற்றத்தக்க பட்டன் பேட்டரிக்கென அதில் ஒரு மின்னேற்றச் சுற்று உள்ளது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சிஆர் 2032 பேட்டரி மின்னேற்றத்தக்கது அன்று. 5 வோல்ட்டில் இரண்டையும் சேர்த்தால் பேட்டரி உப்பிக் கசியலாம். அந்தச் சுற்றிலுள்ள சிறு மின்தடையைச் சால்டரிங் அயர்னால் எடுத்துவிட்டால் போதும். அரை நிமிட வேலை அது. ஒரு கருவிக்கும் இதை விட்டுவிடாதீர்கள்.

நினைவகத்துக்கு எல்லோரும் எஸ்டி கார்டையே நினைக்கிறார்கள். எழுதும் நேரத்தில் அது 100 மில்லி ஆம்பியர் வரை திடீரென இழுக்கும். பேட்டரி தளர்ந்திருக்கும் வேளையில் அந்த இழுப்பில் மின்னழுத்தம் சரிந்து, கோப்பே கெட்டுப்போகக்கூடும். உறங்கும்போது இழுக்கும் அளவும் கார்டுக்குக் கார்டு வெகுவாக வேறுபடும். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு இடம் தேவை என்று பாருங்கள். 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 35,040 பதிவுகள்; ஒவ்வொன்றும் 2 பைட் என்றால் 70 கிலோபைட் அளவுதான். மேலே சொன்ன கடிகார மாட்யூலிலேயே 4 கிலோபைட் நினைவகச் சில்லு ஒன்று ஒட்டியிருக்கிறது. மணிக்கு ஒரு வெப்பநிலை வீதம் எழுதினால் அதிலேயே 85 நாள் கொள்ளும். கடலுக்குள் போகும், வெப்பநிலையை மட்டும் அளக்கும் கருவிக்கு எஸ்டி கார்டே வேண்டாம் என்பது என் கருத்து. இன்னும் பெரிய நினைவகச் சில்லு ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் போதும். பாகம் குறையக் குறையப் பழுதும் குறையும். கரையில் நிற்கும், மாதம் ஒருமுறை கை எட்டும் கருவிக்குக் கார்டு இருக்கலாம்.

வெப்பநிலை சென்சாராகத் துருப்பிடிக்காத எஃகுக் குப்பிக்குள் அடைத்து விற்கப்படும் டிஎஸ் 18பி20 எளிதில் கிடைக்கிறது. இதன் நுணுக்கம், அதாவது இது பிரித்துக் காட்டும் மிகச் சிறிய படி, 0.0625 டிகிரி, ஆனால் உற்பத்தியாளர் உறுதியளிக்கும் துல்லியம் கூட்டியோ குறைத்தோ 0.5 டிகிரி. திரையில் 29.4375 என்று நான்கு தசம இடங்கள் தெரிவதைக் கண்டு அது அவ்வளவு சரியானது என்று மாணவர்கள் எண்ணிவிடுவார்கள். இவ்விரண்டும் வேறுவேறு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சந்தையில் இந்தச் சில்லின் போலிகள் ஏராளம். அவற்றுள் சில நன்றாகவே வேலை செய்யும், சில ஒரு டிகிரிக்கு மேல் விலகும். எது எப்படி என்பதைப் பெயரைப் பார்த்து அறிய முடியாது. பனிக்கட்டி நீரில் வைத்துப் பார்த்தே அறிய முடியும். அளவீடு முடியும் முன்பே படித்தால் 85 டிகிரி என்றும், கம்பி அறுந்தால் பல நிரல்களில் கழித்தல் 127 என்றும் வரும். இவ்விரு எண்களையும் நிரலிலேயே பிடித்து, அந்தப் பதிவை விடுபட்டதாகக் குறிக்க வேண்டும். பூஜ்யம் என்று எழுதிவைத்தால் பிறகு சராசரி எடுப்பவர் அதை உண்மை என்றே கொள்வார்.

இதற்கு மாற்றாகப் பத்து கிலோ ஓம் தெர்மிஸ்டரையும் (வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் பாகம்) நான் பரிந்துரைப்பேன். அதே மதிப்புள்ள மின்தடையோடு தொடராக இணைத்து அளந்தால், 25 டிகிரியை ஒட்டி ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 11 படிகள் ஏடிமெகாவின் பத்து பிட் அளவீட்டில் கிடைக்கும். பலமுறை படித்துச் சராசரி எடுத்தால் நுணுக்கம் இன்னும் கூடும். மூன்று வெப்பநிலைகளில் மின்தடையை அளந்து, மின்தடையை வெப்பநிலையாக மாற்றும் ஸ்டைன்ஹார்ட்–ஹார்ட் சமன்பாட்டின் கெழுக்களை மாணவர்களே கண்டுபிடிக்கலாம். இது பாடமாகவும் அமையும், மலிவாகவும் முடியும்; ஆனால் அளவுத்திருத்தம் செய்யாமல் இதைப் பயன்படுத்தவே முடியாது.

உங்கள் கரையில் மின்னணுக் கருவிகளைக் கொல்வது உப்பு. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்புச் சோதனைகளுக்கு மண்டபம் கரையையே நெடுங்காலம் பயன்படுத்தியது காரணமில்லாமல் அன்று. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும்; கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு கீழே, 33 விழுக்காட்டிலேயே ஈரமாகிவிடும். பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ இரவு முழுவதும் ஈரப்பதம் 75-க்கு மேல் நிற்பது வாடிக்கை. அப்படியானால் போர்டின் மேல் ஒருமுறை படிந்த உப்புத் துகள் மழை இல்லாமலேயே ஒவ்வோர் இரவும் மின்கடத்தும் திரவமாகிறது. சால்டரிங் முடிந்த போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி உலர்த்தி, காப்புப் பூச்சு இரண்டு முறை பூசுங்கள். துளைகளை அடைக்கச் சிலிகான் பசை வாங்கும்போது, புளித்த காடியின் நெடி வீசும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அது இறுகும்போது வெளியேறும் அசிட்டிக் அமிலம் மூடிய பெட்டிக்குள் செம்பை அரிக்கும். நடுநிலை வகைச் சிலிகான் என்று கேட்டு வாங்க வேண்டும்.

நீருக்குள் போகும் கருவிக்குக் குழாய்க் கடைப் பிவிசி போதும். ஒரு முனையைச் சொல்யூஷன் போட்டு நிரந்தரமாக மூடி, மறுமுனையில் ரப்பர் வளையத்தோடு கூடிய திருகுமூடி வையுங்கள். சென்சாரின் கம்பி வெளியேறும் இடமே நீர் புகும் இடம். முடிந்தால் கம்பியே வெளியேறாமல் சென்சாரையும் குழாய்க்குள்ளேயே சுவரோடு ஒட்டி எப்பாக்சியில் பதித்துவிடுங்கள். கடலின் வெப்பநிலை மெதுவாகவே மாறுவதால், குழாய்ச் சுவர் உண்டாக்கும் சில நிமிடத் தாமதத்தால் நட்டமில்லை. மின்னணுப் பாகங்களை உள்ளே வைக்கும் முன், உலர்ந்த காகிதத்தையும் எடைக்குக் கொஞ்சம் ஈயத்தையும் மட்டும் வைத்து, எல்லாக் குழாய்களையும் ஒரு வாரம் கடலுக்குள் கட்டிவிட்டு எடுத்துப் பாருங்கள். காகிதம் நனைந்திருந்தால் அந்தக் குழாய் உதவாது. தெளிந்த ஆழமற்ற நீரில் வெயில் நேரே விழுந்தால் கருவி சுற்றியுள்ள நீரைவிடச் சூடேறிவிடும்; ஆகவே அது வெள்ளை நிறமாக இருக்க வேண்டும், மேலே நிழலுக்கு ஒரு மூடாக்கும் வேண்டும். வள்ளங்களின் அடியில் பற்றும் பாசியும் சிறுசிப்பியும் கருவியையும் விடா. மேலே நெகிழித்தாள் சுற்றிக் கட்டிவிட்டால், சுத்தம் செய்யும்போது தாளை மட்டும் மாற்றினால் போதும்.

காற்றின் வெப்பநிலையை அளப்பதில் சென்சாரைவிட, அதை வெயில் படாமல் காக்கும் கூடு முக்கியம். 0.2 டிகிரி துல்லியமுள்ள சென்சாரை மோசமான கூட்டில் வைத்தால் பகல் வெயிலில் இரண்டு மூன்று டிகிரி கூட்டிக் காட்டும். பூந்தொட்டியின் அடியில் வைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து, விரல் இடைவெளி விட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கூடு செய்யலாம். கீழே தகிக்கும் வெண்மணல் ஒளியை மேல்நோக்கித் திருப்பி அனுப்புமாதலால் அடித்தட்டை வெட்டாமல் முழுத் தட்டாகவே வைக்க வேண்டும். தனுஷ்கோடி போன்ற இடத்தில் இதைச் செய்யாவிட்டால் கூடு வைத்ததே வீண். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் எந்தக் கூடும் நன்றாகவே நடந்துகொள்ளும். பங்குனி, சித்திரையில் காற்று ஓய்ந்த முற்பகல்களில்தான் கூட்டின் பிழை உச்சத்துக்குப் போகிறது; கடல் சூடேறி நாம் மிகவும் கவலைப்படும் காலமும் அதுவே. ஆகவே கூட்டைச் சோதிப்பதானால் அந்த மாதங்களில் சோதியுங்கள்.

இனிச் சோதனைக்கு வருகிறேன். முதற்சோதனை பனிக்கட்டி நீர். மீன்பிடி ஊர்களில் ஐஸ் கட்டிக்குப் பஞ்சமில்லை என்றாலும், மீனுக்குப் போடும் கட்டி வேண்டாம். ஒரு லிட்டர் நீரில் 1 கிராம் உப்பு கரைந்திருந்தாலே உறைநிலை 0.06 டிகிரி அளவு இறங்கிவிடும். கடலோர நிலத்தடி நீரின் உவர்ப்பு அதைவிடக் கூடுதலாகவே இருக்கக்கூடும். காய்ச்சி வடித்த நீரைப் பள்ளிக் குளிர்ப்பெட்டியில் உறையவைத்து, பொடியாக நொறுக்கி, தெர்மாஸ் குடுவையில் நிறைத்து, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த வடிநீர் ஊற்றுங்கள். கட்டி நீரில் மிதந்து அடியில் தெளிநீர் தங்கினால் அங்கே 4 டிகிரி வரை இருக்கலாம். ஆகவே குடுவையின் அடி வரை கட்டி இறுகி இருக்க வேண்டும். சென்சார்களை நடுவில் அமிழ்த்தி, அரைமணி நேரம் கழித்துப் படியுங்கள். அப்போது ஒவ்வொன்றும் காட்டும் எண்ணே அதன் விலகல்.

பூஜ்யத்தில் சரியாக இருப்பது 30-இல் சரியாக இருப்பதற்கு உத்தரவாதம் ஆகாது. அதற்கு இரண்டாம் சோதனை. மீன் அனுப்பும் தெர்மோகோல் பெட்டி ஒன்றில் 36 டிகிரி அளவுக்கு வெந்நீர் நிரப்பி, எல்லாச் சென்சார்களையும் ஒரே கட்டாகக் கட்டி நடுவில் தொங்கவிட்டு, மீன்தொட்டிக் காற்றுப் பம்பால் நீரைக் கலக்கிக்கொண்டே மூடி போட்டு இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். அவ்வளவு நீரும் மிக மெதுவாகக் குளிர்ந்து, உங்கள் கடலில் நிலவும் வெப்பநிலைகள் அனைத்தையும் கடந்து செல்லும். கருவிகள் தாமே நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்துகொண்டிருக்கும். காலையில் எல்லா வரைகோடுகளையும் ஒரே தாளில் போட்டால், கூட்டத்திலிருந்து விலகி ஓடும் சென்சார் எது என்பது பார்த்தவுடன் தெரியும். பெட்டிக்குள், ஆய்வகங்களுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழோடு கூடிய ஒரு வெப்பமானியும் இருந்தால், ஒவ்வொரு சென்சாருக்கும் திருத்த அட்டவணையே தயாராகிவிடும். சான்றிதழ் பெற்ற வெப்பமானி ஒன்று மட்டும் போதும். அதைப் பள்ளி வாங்க முடியாவிட்டால் அருகிலுள்ள கல்லூரியிடமோ, மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையத்திடமோ கேட்டுப் பார்க்கலாம்.

ஈரப்பத சென்சாருக்கு உப்பே சோதனைக் கருவி. தூய சோடியம் குளோரைடில் சில துளி வடிநீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் குழைத்து, மூடிய ஜாடிக்குள் சென்சாரோடு வைத்தால், உள்ளே ஒப்பு ஈரப்பதம் 25 டிகிரியில் 75.3 விழுக்காட்டில் நிலைபெறும். வெப்பநிலை சற்று மாறினாலும் அந்த எண் அசையாது. வெப்பநிலை நிலையாக உள்ள அறையில் ஓரிரவு பொறுத்துப் படியுங்கள். உங்கள் பக்கம் எளிதாகக் கிடைக்கும் வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பு இதற்கு ஆகாது. அதிலுள்ள மெக்னீசியம் எண்ணைக் கீழே இழுத்துவிடும். ஆய்வக உப்பாகவே இருக்க வேண்டும். கரையில் சில மாதம் நின்ற சென்சாரின் மேல் உப்புப் படலம் படிந்து, அது 75-ஐ ஒட்டி மந்தமாக நடந்துகொள்ளும். ஆகவே இந்தச் சோதனையை இடையிலும் செய்யுங்கள்.

கரையில் வைக்கும் கருவியில் காற்றழுத்தச் சென்சார் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். செலவு மிகக் குறைவு, பயன் பெரிது. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை, காலை 10 மணியையும் இரவு 10 மணியையும் ஒட்டி உச்சத்துக்கும், அதிகாலை 4, மாலை 4 மணியை ஒட்டித் தாழ்வுக்கும் சில ஹெக்டோபாஸ்கல் அளவில் ஏறி இறங்கும். புயல் காலம் தவிர்த்த எந்நாளிலும் இந்த அலை உங்கள் வரைபடத்தில் தெரிந்தே ஆக வேண்டும். தெரியாவிட்டால் சென்சாரில் கோளாறு. காலை உச்சம் நாலரை மணியில் நின்றால், கருவியின் கடிகாரம் இந்திய நேரத்தில் இல்லாமல் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது என்று பொருள். வேறு எந்தக் கருவியின் உதவியும் இல்லாமல் நேரத்தையும் சென்சாரையும் ஒருங்கே சரிபார்க்கும் வழி இது. பின்னாளில் நீரழுத்தச் சென்சார் கொண்டு ஓதத்தை (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கத்தை) அளக்க விரும்பினாலும் இந்தப் பதிவு தேவைப்படும். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஒரு சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமமாகையால், காற்றழுத்தத்தைக் கழிக்காவிட்டால் இல்லாத ஓதத்தைக் கண்டதாக ஆகிவிடும். ஓதமே ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும் பாக் விரிகுடாவில் அது பெரும்பிழை.

உங்கள் கருவியை நம்பகமான வேறொரு கருவியோடு ஒப்பிடும்போது, இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று மட்டும் காட்டும் ஒட்டுறவுக் கெழுவை நம்பாதீர்கள். எப்போதும் 2 டிகிரி கூட்டிக் காட்டும் கருவிக்கும் ஒட்டுறவுக் கெழு சரியாக 1 வரும்; பகலில் சூடும் இரவில் குளிர்ச்சியும் எல்லாக் கருவிக்கும் பொது என்பதால், மோசமான கருவியும் 0.95-ஐ எளிதில் தாண்டிவிடும். உங்கள் கருவியின் எண்ணிலிருந்து அந்த நம்பகமான கருவியின் எண்ணைக் கழித்து, அந்த வித்தியாசத்தை மட்டும் தனியே வரையுங்கள். அதன் சராசரி எவ்வளவு, அது எவ்வளவு சிதறுகிறது, நாளின் எந்த நேரத்தில் பெருகுகிறது, மாதங்கள் செல்லச் செல்ல ஒரே பக்கமாக நகர்கிறதா என்று பாருங்கள். முற்பகலில் மட்டும் பெருகினால் கூட்டின் குறை. நாளாக ஆக நகர்ந்தால் சென்சாரின் சோர்வோ நீர்க்கசிவோ. பாம்பனில் உள்ள இந்திய வானிலைத் துறை நிலையத்தின் எண்களோடு ஒப்பிட ஆசை எழும். பல கிலோமீட்டர் தள்ளியுள்ள உங்கள் கருவி வேறு எண் காட்டினால் அது இடத்தின் வேறுபாடா கருவியின் பிழையா என்று பிரிக்க முடியாது. எனவே ஒப்பீடு என்றால் இரண்டும் அருகருகே இருக்க வேண்டும்.

ஓரிடத்தில் ஒரே வகைக் கருவிகள் மூன்றை வையுங்கள். இரண்டு வைத்து அவை முரண்பட்டால் எதை நம்புவது என்று தெரியாது. மூன்றாவது அதைத் தீர்த்துவைக்கும். பத்து இடத்தில் ஒவ்வொன்று வைப்பதைவிட மூன்று இடத்தில் மும்மூன்று வைப்பதே உங்கள் முதலாண்டுக்கு ஏற்றது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்கா என்பதால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே எதையும் வைக்க முடியாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். தொடக்கத்துக்குப் பாக் விரிகுடாப் பக்கம் கடற்பாசி வளர்ப்போரின் மூங்கில் மிதவைகளே உகந்தவை. மிதவைக்கு நாள்தோறும் வந்துபோகும் பெண்கள் கருவியின் நிலையை உங்களுக்குச் சொல்வார்கள்; நீர் மிகையாகச் சூடேறினால் கப்பாபைகஸ் பாசி வெளுத்து அழுகும் நோய்க்கு ஆளாவதால், அந்த எண்கள் அவர்களுக்கும் வேண்டியவை. அவர்களுக்கு விளங்கும் வகையில் வாரந்தோறும் சொல்லுங்கள். மற்றொன்றும் முக்கியம்: இது எல்லைக் கடல். கம்பியும் பேட்டரியும் கொண்ட மூடிய குழாய் ஒன்று கரை ஒதுங்கினால் அது காவல்துறையின் வேலையாகிவிடும். வைக்கும் முன்பே கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்துக்கும் ஊர்த் தலைவர்களுக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு, பள்ளியின் பெயர், தொலைபேசி எண், "கடல் வெப்பநிலை அளக்கும் பள்ளி மாணவர் கருவி" என்னும் வரி ஆகியவற்றை அழியாத மையில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

கருவியை எடுத்த பின், கழுவுவதற்கும் திறப்பதற்கும் முன்பே அதன் கடிகாரத்தைக் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பனிக்கட்டி நீர்ச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள். முன்பு 0.12 காட்டியது இப்போது 0.15 காட்டினால் அந்தச் சென்சாரின் பதிவு முழுவதும் நம்பத்தக்கது. 0.6 காட்டினால், அந்த விலகல் படிப்படியாக வந்ததா ஒரே நாளில் வந்ததா என்பதை மற்ற இரண்டு கருவிகளின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து, படிப்படியாக வந்ததானால் காலத்துக்கேற்பப் பங்கிட்டுத் திருத்தலாம். இல்லையேல் அந்தப் பகுதியை விலக்கிவிடுங்கள். மூலப் பதிவைத் திருத்தாமல் அப்படியே ஒரு கோப்பில் வைத்து, திருத்திய பதிவைத் தனிக் கோப்பாகவும், திருத்த அட்டவணையையும் இரு சோதனைகளின் எண்களையும் அவற்றோடு சேர்த்தும் கொடுத்தால், எந்த ஆய்வாளரும் அதை எடுத்துப் பார்க்கத் தயங்க மாட்டார்.

வாடைக்காலம் முடிந்து தை பிறந்ததும் வேலையைத் தொடங்குங்கள். தையில் சால்டரிங்கும் மின்சாரக் கணக்கும், மாசியில் பனிக்கட்டி நீர், தெர்மோகோல் பெட்டிச் சோதனைகளும் குழாய்களின் நீர்க்கசிவுச் சோதனையும் முடிந்தால், பங்குனி நடுவில் கருவிகள் கடலுக்குள் போய்விடும். சித்திரை, வைகாசியின் உச்ச வெப்பம் முழுவதும் பதிவாகும். ஆனி பிறந்து கச்சான் வலுக்கும் முன் ஒருமுறை எடுத்துச் சோதித்துவிட்டு மீண்டும் இறக்குங்கள்.